அந்த வக்கீல்தான் வேண்டும்

"அந்த ஆளா? இந்த ஊர்ல வேற வக்கீலே கிடைக்கலையா உனக்கு?"

டங்கன் குரலை உயர்த்திவிட்டான். தேநீர்க்கடையில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே அவன் மனைவி லினெட் தேநீரை ஆறவிட்டு, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கிப்டன் ஊர்ச் சந்தைத் தெருவில் மழை தூறிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஓல்ராய்ட்தான் வேணும்," என்றாள்.

"காலையில பார்த்தோமே ஹார்க்கர், அவருக்கு என்ன குறைச்சல்? வாசல் வரைக்கும் வந்து கூட்டிட்டுப் போனாரு. குழந்தை பேரைக் கேட்டாரு. 'வீடு வாங்கறது சந்தோஷமான விஷயம், கவலையை எங்கிட்ட விட்டுடுங்க'ன்னு சொன்னாரே, எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அவர் வேண்டாம், டங்கன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

லினெட் ஆறிப்போன தேநீரை ஓரமாகத் தள்ளிவைத்தாள். தேநீர்க் கூஜாவோடு வந்த கடைக்காரம்மா மார்ஜரி காதில் பாதி பேச்சு விழுந்துவிட்டது.

"ஓல்ராய்ட்கிட்டயா போறீங்க, கண்ணு? பார்த்துப் போங்க. என் தங்கச்சி வீடு வாங்கறப்போ அவரு கேட்ட கேள்வியில விக்க வந்தவனே ஓடிப்போயிட்டான். அந்த மனுஷன் சிரிச்சு இந்த ஊர்ல யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு வந்தாலும் சாவுக்கு வந்த மாதிரியே நிப்பாரு."

'கேட்டியா?' என்பதுபோல் டங்கன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டுக்காரர் வீட்டை விற்றார். இன்னொருவருக்கு மகன் திரும்பி வந்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எந்த வீட்டிலும் லினெட் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. பாதிப் பெட்டிகளைப் பிரிக்காமலே வைத்திருப்பாள். டங்கன் அதைச் சொல்லிக் கேலி செய்வான். அவள் திருப்பிக் கேலி பேசியதே இல்லை.

இப்போது கால்வாய்க் கரையில் ஒரு சின்னக் கல் வீடு விலைக்கு வந்திருந்தது. சமையலறையில் ஈர வாடை. மாடிப்படி செங்குத்து. ஆனால் பார்க்கப் போன அன்று, அந்தச் சமையலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி லினெட் வெகுநேரம் நின்றாள். அதைப் பார்த்ததிலிருந்து டங்கனுக்கு வேறு எந்த வீடும் கண்ணில் படவில்லை.

"விக்கறவங்களுக்கு அவசரம், லினெட். இந்த ஆளு இழுத்தடிச்சா வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. அப்புறம் மறுபடியும் பெட்டியைக் கட்டணும். நல்லா யோசிச்சுக்கோ."

"போனாப் போகட்டும்."

கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஓல்ராய்டின் அலுவலகம் செருப்புக்கடைக்கு மேலே இருந்தது. எழுபது தாண்டிய ஒல்லியான மனிதர். நாற்காலியை விட்டு எழவில்லை. "உட்காருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, டங்கன் நீட்டிய வீட்டு விவரங்களை வாங்கி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். லினெட் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். இவ்வளவு பயப்படுகிற ஆளிடம் ஏன் வந்தாள் என்று டங்கனுக்குப் புரியவில்லை.

"பின்பக்க முற்றத்துக்கு எப்படிப் போவீங்க?" என்றார் ஓல்ராய்ட், தலை நிமிராமல்.

"பக்கத்து வீட்டுச் சந்து வழியா," என்றான் டங்கன். "அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்."

"இன்னிக்கு இருக்கறவங்க சொல்ல மாட்டாங்க. நாளைக்கு அந்த வீட்டை வாங்கி வர்றவங்க?"

டங்கனுக்கு உறைத்தது. ஹார்க்கர் இதைக் கேட்கவே இல்லை.

"அந்த வழி உங்களுக்குன்னு எழுத்துல வர்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போட விட மாட்டேன். அதுக்குள்ள வீடு கை நழுவிப் போனா எம்மேல கோபப்படக் கூடாது. எதிர்ல ஹார்க்கர் இருக்காரு. சட்டுபுட்டுன்னு முடிச்சுக் குடுப்பாரு. நல்லாவும் பேசுவாரு. எல்லாரும் அங்கதான் போறாங்க."

"அங்க போயிட்டுத்தான் வர்றோம்," என்றாள் லினெட். "நீங்க நிதானமாவே பாருங்க."

ஓல்ராய்ட் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எங்கிட்ட யாரும் தானா வர்றதில்லை. யார் சொல்லி அனுப்பினாங்க?"

"யாரும் சொல்லலை. சின்ன வயசுலேயே உங்களைத் தெரியும். நான் டெரெக் ஸ்டான்ஸ்ஃபீல்டோட பொண்ணு. மில் சந்துல கடைசி வீடு."

கிழவரின் முகம் மாறியது. கையிலிருந்த காகிதங்களை மெல்ல மேஜைமேல் வைத்தார். டங்கன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்பாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்து அந்த வீட்டை விட்டுப் போனதாகத்தான் லினெட் அவனிடம் சொல்லியிருந்தாள்.

"கடன் கட்டலைன்னு பாங்க் சார்பா கேஸ் நடத்தி அந்த வீட்டை எங்ககிட்டேருந்து எடுத்தது நீங்கதான், மிஸ்டர் ஓல்ராய்ட்," என்றாள் லினெட். குரலில் கோபமே இல்லை. "எங்க பக்கம் வந்த வக்கீல் ரொம்ப நல்லவர், கோர்ட் வாசல்ல எங்கம்மாவோட சேர்ந்து அவரும் அழுதாரு. ஆனா, நீங்க எழுதின காகிதத்துல ஒரே ஒரு ஓட்டையைக்கூட அவரால கண்டுபிடிக்க முடியலை."