செவலை மதில் தாண்டிய விதம்

“கோழியை ஒழுங்கா அடைக்கத் துப்பில்லாதவங்க எல்லாம் கோழி வளர்க்க வந்துட்டாங்க!”

கொல்லைப்புறத்தில் கணவர் போட்ட சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக்கொண்டு கேட்டது. தையல்காரிக்கு மனசு குளிர்ந்துபோனது.

பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்கிற மனுஷர் அவர். வாட்ச் ரிப்பேர் கடையில் நாள் முழுக்கக் குனிந்து குனிந்து குரலும் குனிந்துபோய்விட்டது என்று அவளே கேலி செய்வாள். அப்பேர்ப்பட்டவர் பெண்டாட்டிக்காக மதில் அதிரக் கத்துகிறார் என்றால் சும்மாவா?

“உங்க கோழிதானே எங்க கூண்டுல வந்து உட்காருது! நாங்களா வா வான்னு கூப்பிட்டோம்?”

பதில் கொடுத்தது தங்கச்சியின் கணவர். பக்கத்து வீடு அவளுடைய கூடப் பிறந்த தங்கச்சியின் வீடுதான்.

அந்தத் தங்கச்சி, தன் மகளின் பிறந்தநாள் கவுனை வேறொரு தையல்காரியிடம் தைக்கக் கொடுத்துவிட்டாள். பெரியம்மாக்காரி மெஷினும் கையுமாக அடுத்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது! ‘உனக்கு வேலை ஜாஸ்தின்னு சொன்னியேன்னுதான்க்கா’ என்ற சமாதானமெல்லாம் எடுபடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

“நீங்களும் உங்க சகலையோட ஒரு வார்த்தை பேசக்கூடாது” என்று கணவருக்கும் உத்தரவு. அந்த வீட்டிலும் அதே உத்தரவுதான் என்று கேள்வி.

ஒரே பெட்டியில் குஞ்சுகளாக வந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வளர்ந்த கோழிகளையும் பிரித்தாயிற்று. செவலை இவளுக்கு. கருப்பி தங்கச்சிக்கு.

கோழிகளுக்குப் பிரிவினை புரிந்தால்தானே! பொழுது சாய்ந்தால் போதும், செவலை மதிலைத் தாண்டிப் போய் கருப்பியோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். விடிந்ததும் சகலை அதைத் தூக்கி இந்தப் பக்கம் விடுவார், நாலு திட்டோடு.

“கூண்டுக் கம்புல அதது இடம் அததுக்கு. பக்கத்துல பழகின கோழி இல்லைன்னா அது கண்ணை மூடாது” என்றார் கணவர்.

“நன்றி கெட்டது! தீனி போடுறது நான், தூங்கப் போறது அங்கேயா?”

துணியைத் தவிர வேறெதையும் தொடாத தன் கத்திரியை எடுத்து, செவலையின் ஒரு பக்க இறகுகளை நறுக்கிவிட்டாள். இனி எப்படிப் பறக்கும், பார்த்துவிடலாம்!

அன்று மாலையும் செவலை அந்தப் பக்கம்தான்.

மதிலடியில் தண்ணீர் போகிற ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தாள். அப்போதும் அந்தப் பக்கம்தான். கோபம் போய், எப்படி என்கிற யோசனைதான் இப்போது அவளைப் பிடுங்கித் தின்றது.

“பறக்கவும் முடியாது, நுழையவும் முடியாது. எப்படிங்க போகுது?”

“அதைக் கோழிகிட்டதான் கேக்கணும்” என்று கணவர் லென்ஸைத் துடைத்தார்.

மறுநாள் மாலை, டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, குளியலறை ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள்.

செவலை மதிலடிக்குப் போனது. கழுத்தைச் சாய்த்து மேலே பார்த்தது. எம்பியது, ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. மதிலுக்கு அப்பால் கருப்பி விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. செவலை மறுபடி எம்பி, மறுபடி விழுந்தது. நறுக்கியது நாம்தானே என்று அவளுக்கே சுருக்கென்றது.

அப்போதுதான் கணவர் வந்தார். செவலையை அள்ளி எடுத்து, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் ஏறி நின்றார். மதிலுக்கு மேலே இரண்டு கைகள் நீண்டு வாங்கிக்கொண்டன.

“சீக்கிரம் கொடுங்க சகலை. கருப்பி இன்னும் கம்புல ஏறல. இதுக்காகக் கீழேயே நிக்குது.”

“பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?”

“இன்னிக்குத்தான் விட்டுச்சு. பெரியம்மா ஏன் வரலைன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. என்ன சொல்றதுன்னே தெரியலை. சரி, இன்னிக்கு யாரு முதல்ல?”

“நேத்து நீங்க. அப்ப இன்னிக்கு நான்.” கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கோழி வளர்க்கிற மூஞ்சியைப் பாரு!”

“ஓஹோ!”

இது அந்தப் பக்கத்துக் குரல் இல்லை. குளியலறையிலிருந்து வந்து பின்னால் மனைவி நின்றிருந்தாள். வாளி ஆடியது. மதிலுக்கு மேல் தெரிந்த சகலையின் தலை காணாமல் போனது.

“அவரோட பேசக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?”

“நாங்க எங்கே பேசினோம்? சண்டைதானே போட்டோம்.” குரல் பழையபடி குனிந்துவிட்டது. “அதுக்கு நீ ஒண்ணும் சொல்லலை. நல்லா சத்தமாத் திட்டுங்கன்னுகூடச் சொன்னே.”

அவளுக்கு அது காதில் ஏறவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். எத்தனை நாளாகவோ. இடையில் ஒரே ஒரு மதில், அவளுக்குத் தெரியாது.

போய் நின்று சமாதானமாக இரண்டு வார்த்தை பேசலாம்தான். ஆனால் அந்த வாய்க்கு அது பழக்கமில்லையே!

“இறங்குங்க கீழே.”

அவர் இறங்கினார். அவள் ஏறினாள்.

“ஏய்! புள்ளைக்குக் காய்ச்சல்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப மாட்டியா? அவ்வளவு பெரிய மனுஷி ஆயிட்டியா நீ? என்னன்னு கேக்க வீட்டுல ஆளே இல்லையா உனக்கு?”

பின்கதவு படாரென்று திறந்தது. தங்கச்சி ஓடி வந்து மதிலடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“எல்லாரும் இருக்காங்கக்கா. என்னைத் திட்டத்தான் இத்தனை நாளா ஆளில்லை.”