புழுங்கலரிசிச் சம்பந்தம்

பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்காகத்தான் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருந்தார் மாப்பிள்ளையின் அப்பா அய்யாக்கண்ணு. ஆனால் இலையைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“புழுங்கலரிசியா? எங்க வீட்டுல தீட்டின வெள்ளை அரிசிதாங்க. கவர்மெண்டு உத்தியோகம் பார்த்துக்கிட்டு, சம்பந்திக்கு எஸ்டேட்டுச் சோறு போடுறீங்களே!”

பெண்ணின் அம்மா வீரம்மா கதவோரத்திலிருந்து கணவரை முறைத்தாள். வைத்திலிங்கம் அசரவில்லை.

“எங்க ஆராய்ச்சிக்கூடத்துல துரை இதைத்தாங்க சோதிக்கிறாரு. ஒரு கூட்டத்துக்கு வெறும் வெள்ளை அரிசி, இன்னொரு கூட்டத்துக்குப் புழுங்கல். வெள்ளை அரிசிக் கூட்டம் காலு வராம சுருண்டு கிடக்குது. புழுங்கல் கூட்டம் விடியறப்ப ஆரம்பிச்ச சண்டையை இன்னும் நிறுத்தலை.”

அப்படிக் கால் விளங்காமல் வீங்கிச் செத்தவர்களைக் கிள்ளானில் அய்யாக்கண்ணு பார்த்திருந்தார். அவசரமாகச் சோற்றைப் பிசைந்தார். கோழிக் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். வயிறு நிறைந்ததும் இரக்கம் வந்தது.

“ஆனாலும் பாவங்க. சர்க்கார் காசுல சோறு போட்டு இப்படியா படுத்துறது? யாரு பெத்த புள்ளைங்களோ!”

“புள்ளைங்களா? கோழிங்க, சம்பந்தி.”

அய்யாக்கண்ணு வாயிலிருந்த எலும்பை மெல்ல வெளியே எடுத்தார்.

“அப்போ... இந்தக் கோழி?”

“பயப்படாமச் சாப்பிடுங்க. இது புழுங்கல் தின்ன கோழி. துரை பங்களாவைச் சுத்தி ஓடிப் பிடிக்கிறதுக்குள்ள எனக்கு உசுரே போயிடுச்சு!”