உரக்கடை எம்.பி.ஏ.

"ரெண்டு பம்பு செட்டு சேர்ந்து ஒரு தொட்டியைப் பன்னிரண்டு மணி நேரத்துல ரொப்புது. மொத பம்பு தனியா ஓடினா இருபது மணி நேரம். ரெண்டாவது தனியா ஓடினா எவ்வளவு நேரம்?"

யூரியா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே இளஞ்செழியன் கேட்டான். பில் எழுதிக்கொண்டிருந்த விஜயலட்சுமி நிமிரக்கூட இல்லை.

"முப்பது," என்றாள்.

உரம் வாங்க வந்திருந்த மருதையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த ரெண்டாவது பம்பை முதல்ல வித்துடச் சொல்லுங்க," என்றார். கடையே சிரித்தது.

நீடாமங்கலம் கடைத்தெருவில் இருந்த ரெத்தினத்தின் உரக்கடையில் இரண்டு மாதமாக இதே கூத்துதான். மூட்டை தூக்குகிறவன் கேட்பான், பில் போடுகிற அவன் மனைவி பதில் சொல்வாள். காலை எட்டு மணிக்குக் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை, வியாபாரத்துக்கு நடுவே எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும்.

முதன்முதலில் அந்தத் தடிப் புத்தகத்தை இளஞ்செழியன் கையில் பார்த்தவர் முதலாளி ரெத்தினம்தான்.

"எம்.பி.ஏ.வா? பேஷ். ஊர்ல பாதிப் பேரு சிங்கப்பூர், துபாய்னு போயிட்டான். மெட்ராஸ்ல தெருவுக்குத் தெரு வெளிநாட்டுக் கம்பெனி வருதாம். டிகிரி என்ன?"

"பி.எஸ்சி. மேத்ஸ். கும்பகோணம் காலேஜ்," என்று பில் மேசையிலிருந்து பதில் வந்தது.

"புருஷனைக் கேட்டா பொண்டாட்டி சொல்றா," என்று ரெத்தினம் சிரித்தார். இளஞ்செழியன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவர் தொடர்ந்தார். "ஆம்பளைப் புள்ள படிச்சு மேல வந்தா கடைக்குத்தான் பெருமை. இனிமே மத்தியானம் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் குடோன்ல உட்காருங்க. சம்பளம் பிடிக்க மாட்டேன்."

இளஞ்செழியன் வாயை மூடிக்கொண்டான். விஜயலட்சுமி பில் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து கடைத்தெருவில் அவன் பெயர் எம்.பி.ஏ. டீ மாஸ்டர் அவன் கிளாஸில் மட்டும் பாலாடையோடு ஊற்றினார். ரெத்தினம் தன் மேஜை விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தார். விஜயலட்சுமி வேர்வையோடு பில் போட்டாள், பதிலும் சொன்னாள்.

சம்பாவுக்கு மேலுரம் போடுகிற நேரத்தில் ஹால் டிக்கெட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, திருச்சி. இருவரும் சேர்ந்து லீவு கேட்டார்கள்.

ரெத்தினம் யோசித்தார். "அன்னிக்கு லாரி லோடு வருது. இளஞ்செழியன் போகட்டும். நீ எதுக்கும்மா?"

"நான் போகலைன்னா பரீட்சை நடக்காதுங்க," என்றாள் விஜயலட்சுமி.

கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் இவ்வளவு பாசமா என்று ரெத்தினத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. லாரிக்காரனுக்குப் போன் போட்டுத் திங்கட்கிழமை வரச் சொன்னார். "கடைக்கே லீவு. வேனை நானே ஓட்டுறேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உர வேன் கிளம்பியது. முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். தஞ்சாவூர் தாண்டுவதற்குள் இளஞ்செழியன் எழுபது வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுவிட்டான். அவன் தப்பாகப் படித்த இங்கிலீஷை அவள் திருத்தித் திருத்திப் பதில் சொன்னாள். இவன் எப்படித்தான் தேறப் போகிறானோ என்று ரெத்தினத்துக்கு உள்ளூரக் கவலை.

"பெர்ஸ்பிகேசியஸ்," என்று தட்டுத்தடுமாறினான் இளஞ்செழியன்.

"பெர்ஸ்பிகேஷியஸ். எதையும் கூர்மையா கவனிச்சு உண்மையைப் புரிஞ்சுக்கிற ஆளு," என்றாள் விஜயலட்சுமி.

"அப்ப என்னை மாதிரி ஆளு," என்றார் ரெத்தினம்.

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். விஜயலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எதற்கு என்று தெரியாமலே ரெத்தினமும் சேர்ந்து சிரித்தார். வல்லம் வரைக்கும் வேன் குலுங்கியது.

திருச்சியில் கல்லூரி வாசலில் ஏகப்பட்ட கூட்டம். பெரும்பாலும் இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். ரெத்தினம் இளஞ்செழியன் நெற்றியில் திருநீறு பூசி, சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"மூட்டை தூக்குற கை, பயப்படாத. தெரிஞ்சதை எழுது, தெரியாததை விட்டுடு."

"சரிங்க முதலாளி," என்றான் அவன்.

முதல் மணி அடித்தது. வாட்ச்மேன் கேட்டைப் பாதி சாத்தினார். "எழுதுறவங்க மட்டும் உள்ள வாங்க. கூட வந்தவங்க ஓரமா நில்லுங்க."

ரெத்தினம் இளஞ்செழியனை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். விஜயலட்சுமியைப் பார்த்து, "நீ இப்படி ஓரமா வந்துடும்மா," என்றார்.

இளஞ்செழியன் சட்டைப் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து மனைவி கையில் கொடுத்துவிட்டு, முதலாளியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

அவள் கேட்டுக்குள் காலை வைத்துத் திரும்பினாள்.

"ரெண்டு பேரும் போய் டிபன் சாப்பிட்டுட்டு வாங்க, அதுக்குள்ள நான் எழுதி முடிச்சிடுவேன்."