குரல் கேட்டதா?

"குரல் கேட்டதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க தம்பி."

சபைச் செயலாளர் விடுவதாக இல்லை. கமிட்டி மொத்தமும் மேஜைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தான். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தான். நக இடுக்கில் இருந்த கிரீஸ் மட்டும் போகவில்லை.

போதகர் படிப்புக்குச் சபை வருஷத்துக்கு ஒருவரைத்தான் அனுப்பும். அடுத்த வருஷம் அவனுக்கு வயது தாண்டிவிடும். இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

அவனாக ஒன்றும் வந்து நிற்கவில்லை. "நானெல்லாம் அதுக்கு லாயக்கா பாஸ்டர்? நாலு பேர் முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்குது" என்று ஒதுங்கிக்கொண்டேதான் இருந்தான். பாஸ்டர்தான் விடவில்லை.

"லாயக்கு பார்த்து ஆள் எடுக்க இது என்ன கம்பெனியா? தயங்காம வா. மனசுல இருக்கறதை அப்படியே சொல்லு, போதும்."

அந்த வார்த்தையை நம்பி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"குரல் எதுவும் கேக்கலைங்க" என்றான்.

"சரி, கனவு? தரிசனம்?"

"இல்லைங்க."

"அப்புறம் எதை வச்சு ஆண்டவர் அழைச்சார்னு சொல்றீங்க?"

மெக்கானிக் பாஸ்டரைப் பார்த்தான். பாஸ்டர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டதெல்லாம் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க குரல்தாங்க. கரண்ட் போனா நடுவுல நின்னுடும். உள்ள கும்மிருட்டு. கதவைத் தட்டித் தட்டி அழுவாங்க. கூட வர்ற ஆள் மேல போய் மோட்டாரைக் கையால சுத்தி இறக்குவான். அதுவரைக்கும் நான் கதவு இடுக்குல வாயை வச்சுப் பேசிட்டே இருப்பேன். 'ஜெபம் பண்ணவா'ன்னு கேப்பேன். வேணும்னா பண்ணுவேன். அப்ப மட்டும் எனக்கு நாக்கு ஒட்டுறதில்லைங்க."

அவனே தொடர்ந்தான்.

"வெளிய வந்ததும் சில பேர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டாங்க. ஆயுசு பூரா இதையே செய்யணும்னு தோணிச்சு. நமக்கு எதுக்கு அந்த ஆசையெல்லாம்னு ஒதுக்கித் தள்ளிப் பார்த்தேன். போக மாட்டேங்குதுங்க."

இதுக்கு மேலும் ஒரு பதில் வேண்டுமா? வேண்டுமாம்.

"அது சம்பளத்துக்குச் செய்யற வேலை தம்பி. அழைப்புங்கறது வேற" என்றார் செயலாளர். "கொஞ்சம் வெளிய இருங்க."

அவனுக்கு முன்னால் வந்துபோனவன் பொருளாளரின் மருமகன். அவனுக்குக் குரல் கேட்டிருந்தது. "பல் தேய்ச்சிட்டிருந்தேன். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. திரும்பிப் பார்த்தா யாருமே இல்ல!" சொல்லும்போதே அவனுக்கு உடம்பு நடுங்கியது. கமிட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்ட மாமியாராக இருக்கலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். பாதிக்குப் பாதி நின்றது. இனி பாஸ்டர் கை எந்தப் பக்கமோ, இடம் அந்தப் பக்கம்.

பாஸ்டர் மருமகனுக்குத் தூக்கினார்.

வராண்டாவுக்கு வந்து அவரே செய்தியைச் சொன்னார். "இப்போதைக்கு இல்ல தம்பி. இன்னும் நல்லா ஜெபம் பண்ணு."

இப்போதைக்காம்! இனி எப்போதைக்கும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"நான்தான் அப்பவே சொன்னேனே பாஸ்டர், நான் லாயக்கில்லைன்னு." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது.

"எந்த மாடி? உள்ள எத்தனை பேரு? பாப்பா இருக்கா? போனைக் கதவுகிட்ட வைங்க... பாப்பா, அங்கிள் பேசறேன். பயப்படாத. நான் வந்துட்டே இருக்கேன். அதுவரைக்கும் என்கூடப் பேசிட்டே இருக்கணும், சரியா?"

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தவன் இவன்தானா என்றிருந்தது. போனைக் காதில் இடுக்கிக்கொண்டே பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

பாஸ்டர் வீட்டுக்குப் போவதற்குள் விஷயம் வீட்டுக்குப் போயிருந்தது.

"அவன் பாட்டுக்கு இருந்தவனைத் தைரியம் சொல்லிக் கூட்டிட்டு வந்து, கடைசியில கழுத்தறுத்துட்டீங்களே! உங்களுக்கே இது நல்லா இருக்கா?" என்று தட்டை டங்கென்று வைத்தாள் மனைவி.

"குரல் கேக்கலைன்னு சொல்லிட்டானேம்மா..."

"உண்மையைச் சொன்னான். அது குத்தமா?"

"குத்தமில்ல." பாஸ்டர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "அன்னைக்கு நான் இப்படித்தான் கமிட்டி முன்னாடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னாடி போனவன் குரல் கேட்டுதுன்னு சொன்னான். எங்க எனக்கு இடம் போயிடுமோன்னு பயந்து, நானும் கேட்டுதுன்னு சொல்லிட்டேன்."

மனைவி எதிரில் உட்கார்ந்துவிட்டாள். குரல் கேட்ட அந்தச் சாட்சியை அவர் மேடையில் சொல்லக் கேட்டுத்தான் அவள் அவருக்குக் கழுத்தை நீட்டியிருந்தாள்.

"அப்போ... நீங்க ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்வீங்களே, ஜனங்க விம்மி விம்மி அழுவாங்களே, அதெல்லாம்..?"

"எனக்கும் எதுவும் கேக்கலம்மா. கேக்கலைன்னு சொல்ற துணிச்சல் எனக்கு இல்ல, அவனுக்கு இருந்துச்சு. அவனும் பாஸ்டராகி என் பக்கத்துலயே வந்து உட்கார்ந்தா, தினமும் அவன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"