பழைய தெம்பு

“ஊசியெல்லாம் வேணாம் டாக்டரம்மா. சத்து மாத்திரை ஏதாவது எழுதிக் குடுங்க, போதும்” என்றாள் சின்னபொண்ணு.

டாக்டர் பானுப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். விழுப்புரத்தில் ஹார்மோன் டாக்டராக உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் அவள் கண்டதெல்லாம் வேறு மாதிரி. ஆண்கள் வெட்கப்பட்டு வராண்டாவிலேயே நிற்பார்கள். மனைவிமார்தான் உள்ளே இழுத்து வருவார்கள். இங்கே கணவர் தானாக வந்திருக்கிறார். மனைவி தடுக்கிறாள்.

“நீ செத்த சும்மா இரு. அவங்க சொல்லட்டும்” என்றார் அரங்கநாதன், மெதுவாக.

கோலியனூர் பக்கம் வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற விவசாயி. வயது ஐம்பத்திரண்டு. அகன்ற தோள். ஆனால் சட்டை அதில் தொளதொளவென்று தொங்கியது.

“என்ன செய்யுதுன்னு நீங்களே சொல்லுங்க ஐயா.”

“இன்னான்னு சொல்றது மேடம். ரெண்டு வருஷமா உடம்புல தெம்பே இல்ல. சாப்ட்டா தூக்கம், எழுந்தா அசதி. ஒரு யூரியா மூட்டையைத் தூக்க முடியல. பங்காளி என் வரப்பை வெட்டி அவன் கழனியோட சேத்துக்கினான். பாத்துக்கினே நின்னேன். ஒரு வார்த்தை கேக்கத் தோணல. வூட்ல உக்காந்து இவளுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்துக்கினு இருக்கறேன். எனக்கே நான் யாரோ மாதிரி இருக்குது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மத்த ஆசையும் இல்ல மேடம்.”

சின்னபொண்ணு முகத்தைத் திருப்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள்.

பானுப்ரியா அவள் பக்கம் திரும்பிப் பேசினாள்.

“அம்மா, வயசானா டெஸ்டோஸ்டிரான்ங்கற ஆம்பளை ஹார்மோன் கொஞ்சம் குறையறது சகஜம். அதுக்கெல்லாம் நான் ஊசி போட மாட்டேன். விளம்பரத்தைப் பாத்துட்டு, இளமை திரும்பணும்னு வர்றவங்களைத் திருப்பி அனுப்பியிருக்கேன். இவருக்கு அப்படி இல்ல. காலையில ரத்தம் எடுத்து ரெண்டு தடவை பாத்தாச்சு. ரெண்டுலயும் ரொம்பக் குறைவு. தொந்தரவும் நிறைய இருக்கு. இவரை மாதிரி ஆளுக்குத்தான் இந்த மருந்து.”

“நெஞ்சுக்கு ஆவாதுன்னு சொல்றாங்களே.”

“யாரு சொன்னா?”

“டீவியில சொன்னாங்க.”

“அதனாலதான் ஈசிஜி எடுத்துட்டு ஆரம்பிக்கிறோம். ப்ராஸ்டேட் பாப்போம். ரத்தம் கெட்டியாகுதான்னு அப்பப்ப பாப்போம். ஒத்துக்கலேன்னா நிறுத்திடலாம்.”

“பேரன் எடுத்தாச்சு டாக்டரம்மா. இந்த வயசுல இன்னாத்துக்கு இதெல்லாம்? ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?”

பானுப்ரியாவுக்குச் சுருக்கென்றது. அரங்கநாதன் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மனைவியிடம் நீட்டினார்.

“வெயில்ல வந்துருக்கற. குடி” என்றவர், டாக்டரைப் பார்த்து, “அவ ஒரு பயந்தாங்கொள்ளி மேடம். எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு நெனைக்கறா. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. அப்படியே அவ முட்டி வலிக்கும் ஒரு தைலம் எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லது” என்றார்.

நர்ஸ் ஆரோக்கியசெல்வி வந்து ஈசிஜி எடுக்க அவரைக் கூப்பிட்டாள். எழுந்தவர் ஃபேனைப் பார்த்தார். தன் நாற்காலிக்கு நேராகக் காற்று வருவதைக் கவனித்து, மனைவியை அதில் மாறி உட்காரச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு மூடும்வரை பானுப்ரியா பொறுத்திருந்தாள்.

“உங்களை ஒண்ணு கேக்கலாமா? இப்படி ஒரு மனுஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பாரு? தன் நோயைச் சொல்ல வந்த இடத்துல உங்க முட்டி வலியைச் சொல்றாரு. அவரு நல்லா நடமாடறதுல உங்களுக்கு இஷ்டம் இல்லையா?”

சின்னபொண்ணு புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

“கூச்சமா இருந்தா விடுங்க. நானும் ஒரு பொம்பளதான். அந்த விஷயத்துல உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா, அதை அவர்கிட்ட பேசிக்கலாம். அதுக்காக ஒருத்தரை ஆயுசு முழுக்கச் சோர்ந்து கிடக்கச் சொல்ல முடியுமா? இப்படியே விட்டா எலும்பும் பலவீனமாகும். மனசும் விட்டுப்போகும்.”

“நீங்க சொல்றது நாயந்தான்.”

“அப்புறம் என்ன?”

“இந்த ஊசி போட்டா பழையபடி ஆயிடுவாரா?”

இப்போதுதான் வழிக்கு வருகிறாள் என்று பானுப்ரியாவுக்குத் தோன்றியது. குரலைக் கனிவாக்கிக்கொண்டாள்.

“நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பழைய தெம்புல பெரும்பகுதி திரும்பிடும். வேலை செய்வாரு. வரப்பை வெட்டினவனை ஏன்னு கேப்பாரு. நீங்க கல்யாணம் கட்டின மனுஷனை மறுபடியும் பாக்கலாம்.”

சின்னபொண்ணு தலையை ஆட்டினாள். மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“வேணாம்னு நான் சொன்னா அவரு வேற டாக்டராண்ட போவாரு. நீங்களே போடுங்க” என்றவள், முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “எத்தினி நாள்ல தெம்பு வரும்?”

“ஒரு மாசத்துல கொஞ்சம் தெரியும். மூணு மாசத்துல நல்லாவே தெரியும்” என்ற பானுப்ரியா, சீட்டில் மருந்தை எழுதிக்கொண்டே சிரித்தாள். “இவ்வளவு நேரம் வேணாம்னீங்க. இப்ப என்ன அவ்வளவு அவசரம்?”

“அவசரந்தாம்மா” என்றாள் சின்னபொண்ணு. “இந்தச் சோர்வு வந்த பொறவுதான் என்னை அடிக்கறதை நிறுத்துனாரு, தெம்பு திரும்பறதுக்குள்ள நான் திண்டிவனத்துல எம்பொண்ணு வூட்டுக்குப் போய்ச் சேந்துடணும்.”