உம்

கடலடிச் சுரங்கத்தில் வேலைக்குப் போன செலஸ்டினின் குரல் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுப் பெட்டியில் கேட்கும். பெட்டிக்குள் இருக்கும் காந்தத் தகடு குரலைச் சுமக்கும் மின்சாரத்தை ஒரே பக்கமாகத்தான் விடும். சூடாக்கி ஆறவிட்டால் அது தானாக ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் என்று செய்தவர்களுக்கே தெரியாது. அவன் மனைவி பனிமலருக்கு வாய்த்தது கேட்கிற தகடு. அவள் பேசினால் அவனுக்குப் போகாது.

“ஏளா பனி, கேக்குதா? ஒரு உம் கொட்டேன்,” என்பான். அவளும் வாக்கியத்துக்கு வாக்கியம் உம் கொட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

ஐந்தாவது மாதம் ஒருநாள் சொன்னான்: “செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. நீ அங்க இருக்கியான்னே தெரியல. நாளைக்கு ஒண்ணு சொல்லணும். அதோட நிறுத்திக்கிறேன்.”

மறுநாள் மதியம் அவள் தகட்டைக் கழற்றித் தோசைக்கல்லில் போட்டாள். சூடுபடுத்தக் கூடாது என்று கம்பெனி ஒட்டியிருந்த சீட்டுதான் முதலில் கருகியது. இரண்டு தடவை ஆறவிட்டு மாட்டியும் பெட்டியில் கேட்கிற விளக்கே எரிந்தது. மூன்றாம் தடவை பேசுகிற விளக்கு எரிந்தது. தகட்டில் கீறல் விட்டிருந்தது. இன்னொரு சூட்டை அது தாங்காது.

ஆறு மணிக்குப் பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. அவன் சொல்லவந்தது என்னவோ, அதை இனிக் கேட்க முடியாது.

“என்னங்க, நான்தான். இங்கதான் இருக்கேன்,” என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். “இத்தன நாளும் எல்லாம் கேட்டேன்.” வராத உம்முக்காக மறுபடி நிறுத்தினாள்.

மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவளே உம் கொட்டிக்கொண்டாள்.