குழாய்த் தண்ணி ஊத்தின பாவி

"எந்தப் படுபாவி இதுல குழாய்த் தண்ணியை ஊத்தினான்?"

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த பிரஷர் போட்ட சத்தத்தில், ஸ்பானர்களை அடுக்கிக்கொண்டிருந்த மச்சினன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பிரஷர் என்பது பட்டப்பெயர். முப்பது வருஷ மெக்கானிக், எதற்கெடுத்தாலும் கொதிப்பவர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும்.

"மெதுவா, மச்சான். அடுத்தவன் வண்டிக்கு நீங்க ஏன் கொதிக்கறீங்க?"

மச்சினனுக்கு நாற்பது வயது. தலை வழுக்கையாகிவிட்டது, அக்கா புருஷனிடம் பயம் மட்டும் போகவில்லை.

"கொதிக்காம? இங்க வந்து பாரு மாப்ள. டர்போ இன்ஜின். நாலு செகண்டுல நூறைத் தொடற வண்டி. வெளிய மூஞ்சி தெரியற மாதிரி பாலிஷ் போட்டிருக்கான். உள்ள பாத்தா துருத் தண்ணி டீ மாதிரி நிக்குது. இன்ஜின் சூட்டைத் தணிக்கக் கூலன்ட் ஊத்தணும்னுகூடத் தெரியாதவனுக்கு எதுக்கு இந்த வண்டி? சைக்கிள் போதாதா?"

ஷெட்டுக்குள் முன்சக்கரத்தை ஒட்டி, கைக்குட்டை அகலத்துக்குத் தரை ஈரமாக இருந்தது. அதைப் பார்த்துதான் காலையில் பிரஷர் பானெட்டைத் திறந்தார். நாலு மணிக்குப் புறவழிச்சாலையில் லாரி காத்திருக்கும். அதில் வண்டியை ஏற்றியாக வேண்டும். அங்கே போக நாற்பது கிலோமீட்டர். இந்தக் கசிவோடு கிளம்பினால் பாதி வழியில் ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிடும். நின்றால் இத்தனை வருஷம் எடுத்த பேர் ஒரே நாளில் நாறிப்போகும்.

பிரஷர், கைப் பம்பைக் கூலன்ட் டேங்கின் வாயில் பொருத்திக் காற்றை அடித்தார். பம்பின் மீட்டரில் முள் ஏறியது, கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது.

"எங்கயோ விடுது. டார்ச்சை அடி."

ரேடியேட்டரில் ஒன்றுமில்லை. வாட்டர் பம்பும் காய்ந்துதான் இருந்தது. டர்போவுக்கு அடியில் ஒரு ஹோஸின் முனையில் மட்டும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பிரஷர் கையை நுழைத்துத் தடவினார். வெளியே வந்த கையில், பிசுபிசுவென்று கறுப்பாக ஏதோ தொங்கியது.

"டேப்பு!" அதை மச்சினன் முகத்துக்கு நேரே நீட்டினார். "வெடிச்ச ஹோஸுக்கு மேல டேப்பு சுத்தி வெச்சிருக்கான் மாப்ள! அதுக்கு மேல சைஸே சேராத ஒரு கிளாம்பு! பெத்த பிள்ளைக்குக் காலு உடைஞ்சா இப்படித்தான் டேப்பு ஒட்டுவானா?"

பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "காலையிலேர்ந்து என்ன தம்பி சத்தம்?"

"கூலன்ட் லீக்கும்மா. ஒழுகறது உங்க கண்ணுல படலையா?"

"போன மாசமே சொன்னேனே! வண்டிக்காரர் அது ஏசி தண்ணின்னுட்டார். அவர் ஊர்ல இல்லையே, புதன்கிழமைதானே வரார்?"

"அதுக்குள்ள முடிச்சாகணும்மா."

"முடிங்க, முடிங்க. நான் சொன்னா எங்க கேக்கறார்!" அம்மாளுக்கும் பழைய கோபம் ஏதோ இருந்தது. தலை மறைந்தது.

"ஏசி தண்ணியாம்!" பிரஷர் பல்லை நறநறவென்று கடித்தார்.

மச்சினன் ஆட்டோவில் ஓடி ஒரு ரப்பர் ஹோஸ் வாங்கி வந்தான். அதை ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டு அவன் கையிலேயே திணித்தார் பிரஷர்.

"டர்போ சூட்டுக்கு இது ஒரு மாசம் தாங்காது. சிலிக்கான் ஹோஸ் வாங்கிட்டு வா."

"நாற்பது கிலோமீட்டர் தாங்கினா போதாதா மச்சான்? மணி ரெண்டாகப் போகுது."

"என் கை பட்ட வண்டி நாற்பதாயிரம் ஓடணும்டா!"

மறுபடி ஓடினான். அதற்குள் பிரஷர் துருத் தண்ணியை வாளியில் இறக்கி, தெளிவாக வரும்வரை உள்ளே அலசிவிட்டார். புது ஹோஸ் வந்ததும் அளந்து வெட்டி, சரியான கிளாம்பு இரண்டைப் போட்டு இறுக்கினார். நல்ல கூலன்ட்டைக் கலந்து ஊற்றினார்.

மச்சினன் ஸ்டியரிங்குக்கு அடியில் சின்னப் பெட்டி ஒன்றைச் செருகி, மடிக்கணினியில் ஏதோ தட்டினான். இன்ஜின் உறுமியது. உள்ளே சிக்கியிருந்த காற்றெல்லாம் குபுகுபுவென்று குமிழ்விட்டு வெளியேறியது. ஃபேன் சுழன்று நின்றது. சூடு தணிந்ததும் மறுபடி பம்பை அடித்தார். பத்து நிமிஷமாகியும் முள் அசையவில்லை.

"இப்பத்தான் இது வண்டி" என்றார். அன்றைக்கு அவர் கோபமில்லாமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான். உடனே டேப்பு சுற்றிய பழைய ஹோஸைச் சுவர் ஆணியில் மாட்டினார். "வந்து பாக்கட்டும். பாத்தாவது வெக்கப்படட்டும்."

வண்டியை வெளியே எடுக்கும்போது பக்கத்து வீட்டு அம்மாளே வந்து கேட்டைத் திறந்துவிட்டாள். "சரியாயிடுச்சா தம்பி?"

"இனி ஒரு சொட்டு விழாதும்மா."

"நல்லா இருங்க. உங்களை மாதிரி ஆளுங்க கிடைக்க அவர் கொடுத்து வெச்சிருக்கணும்."

தெருமுனை திரும்பும்வரை மச்சினன் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தான்.

"மச்சான், புதன்கிழமை வந்து ஷெட் காலியா கிடக்கறதைப் பாத்ததும் அவன் நேரா போலீசுக்குத்தான் ஓடுவான்."

"ஓடட்டுமே!" என்று சீறினார் பிரஷர். "வண்டியை வெச்சிருந்த லட்சணத்துக்கு அவனைத்தான் முதல்ல உள்ள தள்ளணும்!"